பச்சைத் தண்ணீர் தெளியுமா? நுண்பாசி அறுவடை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நுண்பாசி வளர்ப்பது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "வளர்ந்துவிட்டது ஐயா, எடுக்கத்தான் முடியவில்லை." எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இருபது வருடம் பாசித் தொட்டிகளோடு மல்லுக்கட்டியவன் நான். பாசி வளரவில்லையே என்று தூக்கம் கெட்ட இரவுகளைவிட, வளர்ந்த பாசி கைக்கு வரவில்லையே என்று கெட்ட இரவுகள்தான் அதிகம். ஆகவே இந்த முறை முழுக்க அறுவடை. அதிலும், செல்களைத் திரளாகச் சேர்த்து அடியில் படியவைக்கும் முறை மட்டும்.

கேள்வி: ஆயிரம் லிட்டர் தொட்டியில் குளோரெல்லா வளர்க்கிறேன். நன்றாகப் பச்சை பிடித்ததும் காற்றுக் குழாயை நிறுத்திவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். அடியில் மெல்லிய படலம்தான், மேலே அதே பச்சை. துணியில் வடிகட்டினாலும் பச்சைத் தண்ணீரே இறங்குகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. பாசி அவ்வளவு சின்னது, அவ்வளவுதான். குளோரெல்லா செல் 2 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஐந்து மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு அடர்த்தி கூடுதல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தில் துகள் இறங்கும் வேகத்துக்கு இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-இல் சொன்ன சூத்திரத்தில் இதைப் போட்டால், அந்தச் செல் மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஆறு சென்டிமீட்டர். தொட்டி ஒரு மீட்டர் ஆழம் என்றால் மேலே இருப்பது தரையைத் தொட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவும் தண்ணீர் துளிகூட அசையாமல் இருந்தால். ஒரு பக்கம் வெயில் பட்டுச் சூடானாலே உள்ளுக்குள் நீரோட்டம் கிளம்பி, இறங்கினதையெல்லாம் மறுபடி மேலே தூக்கிவிடும். இதற்கிடையே இருட்டில் கிடக்கும் பாசி தன் சேமிப்பையே தின்று எடை குறைந்துகொண்டிருக்கும்.

அதே சூத்திரத்தில்தான் வழியும் இருக்கிறது. வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆயிரக்கணக்கான செல்கள் ஒட்டிக்கொண்டு 200 மைக்ரான் திரளாகிவிட்டால், நடுவில் தண்ணீர் புகுந்து அடர்த்தி வித்தியாசம் ஒரு சதவீதமாகக் குறைந்தாலும்கூட, மணிக்கு 75 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். இரண்டு வாரக் கதை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அப்படியென்றால் செல்கள் ஏன் தாமாகவே ஒட்டுவதில்லை? அவற்றின் மேல்தோலில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் ஏற்கின்றன. எல்லாச் செல்லுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் நெருங்கும்போதெல்லாம் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. நாம் போடும் திரட்டிப் பொருளின் வேலை, இந்தத் தள்ளுமுள்ளை நிறுத்துவது. இனி மருந்து என்று நான் சொல்வது இதைத்தான்.

துணி விஷயம்: செல்லைப் பிடிக்கும் அளவுக்கு நெருக்கமான துணி சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். ஸ்பைருலினா வளர்ப்பவர்கள் துணியில் வடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது திருகிய நீள இழை, நூறு மைக்ரானுக்கு மேல் போகும். அதைப் பார்த்துக் குளோரெல்லா வளர்ப்பவர் பொறாமைப்படலாம், பின்பற்ற முடியாது.

சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுற்றிப் பாசியைப் பிரிக்கும் இயந்திரம்) வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் பாசி இருந்தால், ஒரு டன் தண்ணீரில் இருப்பது மொத்தம் அரை கிலோ. அந்த அரை கிலோவுக்காக ஒரு டன்னையும் சுற்றவைக்கிறீர்கள், மின்சாரம் தண்ணீருக்குத்தான் போகிறது. முதலில் திரட்டி, முப்பது நாற்பது லிட்டர் சேறாகக் குறைத்துக்கொண்டு, அதை மட்டும் சுற்றவைத்தால் கணக்கு மாறிவிடும்.

கேள்வி: ஓர் ஆய்வுக்கட்டுரையில் அலுமினியம் சல்பேட் லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று இருந்தது. நான் அதே அளவு படிகாரம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கூட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் பளிச்சென்று தெளிந்தது. இன்னும் நன்றாக வரட்டும் என்று மேலும் போட்டதும் மறுபடி கலங்கிவிட்டது. நான் முதுகலை மாணவன். வழிகாட்டியிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

தயங்காமல் கேளுங்கள், அவரும் ஒரு காலத்தில் இதையே செய்திருப்பார். உங்கள் ஒரே பரிசோதனைக்குள் மூன்று சங்கதி மாட்டியிருக்கிறது.

முதலாவது, படிகாரமும் அலுமினியம் சல்பேட்டும் ஒன்றல்ல. நாம் படிகாரம் என்பது பொட்டாசியம் சேர்ந்த இரட்டை உப்பு, அதன் எடையில் அலுமினியம் 5.7 சதவீதம். பதினெட்டு நீர்மூலக்கூறு கொண்ட அலுமினியம் சல்பேட்டில் 8.1 சதவீதம். கட்டுரைக்காரர் 150 போட்ட இடத்தில் நீங்கள் 213 போட்டிருக்க வேண்டும். பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் நானும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறேன்.

இரண்டாவது, பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. அலுமினியம் சல்பேட் ஒவ்வொரு மில்லிகிராமும் தண்ணீரின் காரத்தன்மையில், அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தியில், ஏறக்குறைய அரை மில்லிகிராமை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) தின்றுவிடும். காரத்தன்மை குறைந்த வளர்ப்பு ஊடகமாக இருந்தால் பி.எச். சடாரென்று விழும். ரொம்ப விழுந்தால் அலுமினியம் கரைந்தே கிடக்கும், பஞ்சுபோன்ற ஹைட்ராக்சைடு உருவாகாது. மறுபக்கம், நல்ல வெயிலில் பாசிக்குளத்தின் பி.எச். 10-ஐத் தொட்டிருந்தால் அலுமினியம் எதிர்மின்னூட்டமுள்ள அலுமினேட்டாக மாறி நமக்கு எதிராகவே நிற்கும். காலையில் வேலை செய்த அளவு மத்தியானம் கைவிடுவதற்குக் காரணம் பல நேரம் இதுதான். ஆறுக்கும் ஏழுக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் உங்களைக் குழப்பியது. செல்லின் எதிர்மின்னூட்டம் சமனாகும் இடத்தில் தண்ணீர் தெளிந்தது. அதற்கு மேலும் போட்டதும் செல்கள் நேர்மின்னூட்டம் ஏற்றுக்கொண்டன. எல்லாம் நேர் என்றால் மறுபடி தள்ளுமுள்ளுதான். இன்னும் மேலே மேலே போட்டிருந்தால் திரும்பவும் தெளிந்திருக்கும். ஆனால் அங்கே நடப்பது வேறு: ஹைட்ராக்சைடு கொத்துக்கொத்தாகப் படியும்போது செல்களைப் பெருக்கி வாரிக்கொண்டு போகிறது. தெளிவு கிடைக்கும், கூடவே பாசியில் அலுமினியமும் குவியும்.

ஏன் அலுமினியமும் இரும்பும் மட்டும் இப்படி வேலை செய்கின்றன, சோடியம் ஏன் செய்யாது என்றும் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ஷுல்ட்சே-ஹார்டி விதி என்று ஒன்று உண்டு. அயனியின் மின்னூட்டம் கூடக்கூடத் தேவையான செறிவு அதன் ஆறாம் படியில் குறைகிறது. மூன்று மின்னூட்டம் உள்ளது ஒன்று உள்ளதைவிட 729-இல் ஒரு பங்கே போதும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. அலுமினியமும் இரும்பும் நீருடன் வினைபுரிந்து வேறு உருவங்கள் எடுப்பதால் நிஜத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது.

சரி, செய்யவேண்டியது என்ன? ஜார் டெஸ்ட். ஆறு பீக்கர், ஒரே பாசி, ஆறு அளவு. மருந்தைத் தூளாகப் போடாதீர்கள், கரைத்து ஊற்றுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும், நிமிடத்துக்கு 150 சுற்றுபோல. அப்புறம் 30 சுற்றுக்கு இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு அரை மணி நேரம் தொடவே கூடாது. வேகமான கலக்கல் மருந்தை எல்லாச் செல்லுக்கும் கொண்டுசேர்க்கிறது. மெதுவான கலக்கல் செல்களை ஒன்றோடொன்று மோதவிட்டுத் திரளை வளர்க்கிறது. இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் பெரிய தொட்டியே சாட்சி. மூவாயிரம் லிட்டர். மருந்தை ஊற்றிவிட்டு, நன்றாகக் கலக்கட்டும் என்று காற்றுப் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டுப் போய்விட்டேன். திரள் அழகாக உருவானது, அதே வேகத்தில் நொறுங்கியது. உடைந்த திரள் மறுபடி முன்போல ஒட்டவில்லை. விடியும்வரை அந்தத் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தொட்டி தெளியவில்லை.

இன்னொன்று. கட்டுரையில் உள்ள அளவை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது. பாசி வளர வளரத் தண்ணீரில் சர்க்கரைப் பசைகளையும் புரதங்களையும் கசியவிடுகிறது. நீங்கள் போடும் மருந்தில் கணிசமான பங்கை முதலில் அவையே பிடித்துக்கொள்ளும். வயதான வளர்ப்புக்கு ஓர் அளவு, இளசுக்கு ஓர் அளவு. ஒவ்வொரு முறையும் ஜார் டெஸ்ட் செய்தாக வேண்டும்.

கேள்வி: மீன்குஞ்சுகளுக்குத் தீவனமாகப் பாசி எடுக்கிறேன். படிகாரம், ஃபெர்ரிக் குளோரைடு இரண்டில் எது நல்லது?

இரண்டும் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லிட்டரில் 500 கிராம் பாசி. லிட்டருக்கு 200 மில்லிகிராம் அலுமினியம் சல்பேட் போட்டால் மொத்தம் 200 கிராம். அது முழுக்க ஹைட்ராக்சைடாக மாறினால் 47 கிராம் வரும். அந்த 47 கிராம் எங்கே போகும்? பாசியோடுதான் படியும், பாசியோடுதான் காயும். கையில் வருவது ஒன்பது சதவீதம் அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த பாசிமாவு. ஃபெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பும் அதே கதைதான், கூடவே நிறத்தையும் பழுப்பாக்கிவிடும். அமிலத்தில் கழுவி ஓரளவு எடுக்கலாம், முழுக்கப் போகாது.

எதைப் போட்டால் படியும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். படிந்ததை என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். எண்ணெய் எடுத்துவிட்டு மிச்சத்தை எரிப்பவருக்கு அது கூடுதல் சாம்பல், ஒரு தொந்தரவு, அவ்வளவே. உயிருள்ள எதற்காவது ஊட்டுபவருக்கு அது பொருளையே கெடுப்பது. பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பாலிமர் வகைகளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். மிகக் குறைந்த அளவில் அற்புதமாகத் திரளும் என்பது உண்மை. ஆனால் அதில் மிச்சமிருக்கக்கூடிய அக்ரிலமைடு மூலக்கூறு நச்சு. தீவனத்துக்கு நான் தொடமாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது கைட்டோசான் (அது என்ன என்பது அடுத்த பதிலில்), இல்லையென்றால் கீழே வரும் பி.எச். வழி.

கேள்வி: நன்னீர்க் குளோரெல்லாவுக்குக் கைட்டோசான் பிரமாதமாக வேலை செய்தது. அதையே கடல்நீரில் வளர்ந்த நானோகுளோராப்சிஸுக்குப் போட்டேன், அசையவே இல்லை. சரக்கு போலியா?

சரக்கைக் குறை சொல்லாதீர்கள். கைட்டோசான், இறால் நண்டு ஓட்டிலிருக்கும் கைட்டினிலிருந்து வருகிறது. நீளமான சங்கிலி, அதில் வரிசையாக அமைன் தொகுதிகள். அமிலச் சூழலில் அவை நேர்மின்னூட்டம் ஏற்கும். ஒரே மின்னூட்டம் என்பதால் சங்கிலி தன்னைத்தானே தள்ளிக்கொண்டு விறைப்பாக நீண்டு நிற்கும். அந்த நீட்டம்தான் பலம். ஒரு முனை ஒரு செல்லைப் பிடிக்க, இன்னொரு முனை தள்ளியிருக்கும் செல்லைப் பிடிக்கும், நடுவில் பாலம்.

கடல்நீரில் உப்பு அயனிகள் அந்த மின்னூட்டத்தை மூடிவிடுகின்றன. சங்கிலி சுருண்டு பந்தாகிவிடுகிறது. பாலம் போடக் கை நீளவில்லை. உலோக உப்புகளுக்கும் கடல்நீரில் பல மடங்கு அளவு கேட்கும் என்பதால் அந்தப் பக்கமும் ஓட முடியாது.

நன்னீரில்கூடப் பி.எச்.-ஐப் பார்த்துக்கொள்ளுங்கள். 6.5-ஐச் சுற்றி அமைன் தொகுதிகளில் பாதி மின்னூட்டத்தை இழந்துவிடும். பாசித் தண்ணீர் இயல்பாகவே எட்டு, ஒன்பதில் நிற்கும். முதலில் அதை இறக்கிக்கொண்டு, கைட்டோசானை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து ஊற்றுங்கள். தூளைத் தூவினால் தூளாகவே அடியில் கிடக்கும்.

கேள்வி: திறந்தவெளிக் குளத்தில் ஒருநாள் மத்தியானம் மருந்து எதுவும் போடாமலே பாசி பால் திரிவதுபோலத் திரிந்து அடியில் படிந்தது. மாலையில் பாதி மறுபடி கலந்துவிட்டது. கார்பன் டை ஆக்சைடு குழாய் அடைத்துக்கொண்ட நாள் அது. சம்பந்தம் உண்டா?

உண்டு! வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குழாய் அடைத்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தள்ளுகிறது. வெளியிலிருந்து வரவு நின்றதும் பி.எச். ஏறுகிறது, பத்தைத் தாண்டிக்கூடப் போகும். தண்ணீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாக இருந்தால் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்கும். இன்னும் ஏறினால், பத்தரைப் பக்கம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. இந்தப் படிவுகள் நேர்மின்னூட்டத்தோடு இருப்பதால் செல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குகின்றன. மாலையில் ஒளிச்சேர்க்கை நின்று, பாசி சுவாசத்தில் கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டதும் பி.எச். இறங்கி, கட்டியது கரைகிறது. அதுதான் பாதி மறுபடி கலந்ததற்குக் காரணம். தன் திரட்டல் என்று இதற்குப் பெயர். கழிவுநீர்க் குளப் பாசியை ஆராய்ந்த வில்லியம் ஆஸ்வால்டும் கிளாரன்ஸ் கோலுயெக்கும் 1965-இல் அறுவடை முறைகளைப் பற்றி எழுதியபோதே இது பேசப்பட்ட விஷயம்.

அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்காமல் நாமே காஸ்டிக் சோடாவோ சுண்ணாம்போ போட்டுப் பி.எச்.-ஐ ஏற்றலாம். இதில் எனக்குப் பிடித்த அம்சம், போட்டதைத் திரும்ப எடுக்க முடிகிறது. சேற்றைப் பிரித்த பிறகு லேசாக அமிலம் விட்டால், அல்லது கார்பன் டை ஆக்சைடை ஊதினால், மெக்னீசியம் கரைந்து தண்ணீரோடு போய்விடும். பாசியில் அலுமினியம்போல உட்கார்ந்துகொள்ளாது. மேலே உள்ள தெளிந்த நீரின் பி.எச்.-ஐயும் அப்படியே இறக்கி மறுபடி வளர்ப்புக்கு விடலாம். தீவனம் பற்றிக் கேட்டவருக்கும் இதுதான் பதில்.

கடல்நீர்க்காரர்கள் மட்டும் கையை அடக்கவேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. ஆர்வக்கோளாறில் காஸ்டிக்கைக் கொட்டி அத்தனையையும் படியவைத்தால் லிட்டருக்கு மூன்று கிராம் வெள்ளைச் சேறு. உங்கள் பாசி அதில் அரை கிராம். நான் ஒருமுறை இப்படிப் பச்சைச் சாயல் அடித்த சுண்ணாம்புக் குழம்பு ஒரு தொட்டி நிறையத் தயாரித்தேன். காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு, திரள் தெரிந்த கணத்தில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: முருங்கை விதைத் தூள் இயற்கையானது, அதைப் போட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை என்கிறார்களே?

வேலை செய்யும். விதையில் நேர்மின்னூட்டமுள்ள சிறிய புரதம் ஒன்று இருக்கிறது, அதுதான் திரட்டுகிறது. ஆனால் தூளில் அந்தப் புரதம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் எண்ணெயும் மாவும். அவை தண்ணீரில் தங்கி அழுகும். எண்ணெயை நீக்கிவிட்டு, உப்புநீரில் சாறெடுத்துப் போட்டால் பரவாயில்லை. "இயற்கையானது" என்பதால் மட்டும் பிரச்சினை இல்லாமல் போகாது.

கேள்வி: திரட்டல் திறன், அதாவது தண்ணீரிலிருந்து பிரிந்த பாசியின் பங்கு, 98 சதவீதம் வந்தது. ஆனால் காயவைத்து எடை போட்டால் 108 சதவீதம் விளைச்சல்! எங்கே பிசகு?

கூடுதல் பாசி வானத்திலிருந்து விழவில்லை. நீங்கள் எடை போட்டது பாசியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த எடை. சாம்பல் அளவு எடுத்துக் கழித்துப் பாருங்கள், 100-க்குக் கீழே வந்துவிடும்.

அந்த 98-ஐயும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஒளியடர்த்தியை, அதாவது தண்ணீர் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை, எந்த அலைநீளத்தில் பார்த்தீர்கள்? 680 நானோமீட்டரில் என்றால் பச்சையமே ஒளியை விழுங்கும். மருந்தால் பச்சையம் கெட்டு நிறம் மாறினாலும் பாசி போய்விட்டதுபோலத் தெரியும். 750-இல் பாருங்கள். மாதிரியை ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் எடுங்கள், மேல் விளிம்பில் உறிஞ்சினால் யாருக்கும் 98 வரும். மருந்துக் கரைசல் ஊற்றியதால் பாசி நீர்த்துப்போன அளவையும் கழியுங்கள். மருந்தே போடாத ஒரு பீக்கர் பக்கத்தில் இருந்ததா?

அதைவிட முக்கியமாக, சேறு எவ்வளவு இடம் பிடித்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. 98 சதவீதமும் படிந்து, அந்தப் படிவு ஜாடியில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் பாசியை மூன்று மடங்குதான் செறிவாக்கியிருக்கிறீர்கள். இருபது, முப்பது மடங்கு வரவேண்டும். கொழகொழவென்று நிற்கும் திரளைவிடக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தாலும் இறுகிப் படியும் திரளே எனக்கு வேண்டும்.

கேள்வி: மாலையில் படியவைத்துவிட்டு, காலையில் வந்து எடுத்தால் சேறு நாறுகிறது. மேலே பாதி மிதக்கவும் செய்கிறது.

இரவு முழுக்கக் காற்றில்லாமல் அடியில் நெருக்கி வைத்தால் செல்கள் சாகும், பாக்டீரியா கிளம்பும், வாயுக் குமிழ்கள் திரளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். பகலில் மிதந்தால் அது வேறு. பாசியே விடும் ஆக்சிஜன் குமிழ் திரளுக்குள் மாட்டிக்கொண்டு தூக்குகிறது, அப்போது அடியில் எடுப்பதற்குப் பதில் மேலிருந்து வழித்துக்கொள்ளலாம். உங்களுடையது நாறுகிறது என்பதால் முதல் வகை. மத்தியானமே மருந்தை விட்டு, ஒரு மணி நேரத்தில் மேல்நீரை இறக்கி, சேற்றை அன்றைக்கே சுற்றியோ வடித்தோ காயப்போடுங்கள். ஆள் இல்லையென்றால் அன்று மருந்து போடாதீர்கள். பாசி தொட்டியிலேயே இன்னும் ஒரு நாள் காற்றோடு கிடக்கட்டும்.